501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு

(பத்தமடை தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வீட்டு வெள்ளை அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கு எல்லாம் 2024 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு வசூலிக்கப்படும் கட்டணப்படி.)



கரண்டு பில்லைப் பற்றிப் பேசுவதென்றால் யாரையாவது திட்டிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவது சுலபம். இன்றைக்கு அதைச் செய்யப் போவதில்லை. ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அந்த எண் 500.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இது 2016 மே 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரைக்கும் 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரைக்கும் 6 ரூபாய் 30 காசு. ஆக, சரியாக 500 யூனிட் ஓடின வீட்டுக்கு 235, 940, 630 மூன்றையும் கூட்டினால் பில் 1,805 ரூபாய்.

இப்போ இன்னொரு யூனிட் ஓடிவிட்டது, 501 என்று வையுங்கள். கூடுதலாக 8 ரூபாய் 40 காசு வரும் என்றுதானே நினைப்போம்? வராது. 500-ஐத் தாண்டின வீட்டுக்கு அந்த 2.35 சலுகை விலையே கிடையாது. 101-வது யூனிட்டிலிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். பின்னால் திரும்பிப் போய், ஏற்கெனவே ஓடின யூனிட்டுக்கும் சேர்த்து விலையை மாற்றுகிறார்கள். பில் 2,048 ரூபாய் 40 காசு. ஒரு யூனிட்டுக்காக நீங்கள் கொடுத்தது 243 ரூபாய் 40 காசு!

ஒரு யூனிட் என்றால் என்ன? ஒரு ஹார்ஸ்பவர் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினது. மேல்தொட்டி நிரம்பி வழிஞ்சதைக் கவனிக்காமல் விட்ட ஒரு சாயங்காலம். அதுக்கு 243 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். முக்கால் நாள் வெயிலில் மண் சுமந்த கூலி அந்த ஒரு யூனிட்டில் போய்விடுகிறது.

இந்தப் பள்ளம் புதுசு இல்லை. 2022 செப்டம்பருக்கு முன்னால் இதைவிடப் பெரிசாக இருந்தது. அப்போ 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய் 60 காசு. ஒரு யூனிட்டில் 656 ரூபாய்! 2022 செப்டம்பர் 10-ல் கட்டணத்தை மாற்றினபோது பள்ளம் சின்னதாச்சு, வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தையும் எடுத்தார்கள். ஆனால் அதே மாற்றத்தில் 500 யூனிட் பில் 1,130-லிருந்து 1,725 ஆகிவிட்டது. பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்துவிட்டு ரோட்டையே மேலே தூக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதைத் தெரிந்து என்ன செய்வது? 500-ஐ 60 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும் வரும். எட்டு என்றே வையுங்கள். "ஒரு நாளைக்கு எட்டு." இது ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் போதும். மீட்டரில் எழுத்து மாறி மாறி வரும். தேதி வரும், மணி வரும், அதில் கே.டபிள்யூ.ஹெச் என்று பக்கத்தில் காட்டுகிற எண்தான் யூனிட். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பார்த்து அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். கழித்தால் வாரத்துக்கு 56-க்குள் நிற்கணும். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அதுக்கிட்ட விடுங்கள், நம்மைவிட ஒழுங்காகச் செய்யும்.

இதில் நம் கையில் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது ரீடிங் எடுக்க வருகிற நாள். ஒரு வீட்டில் நாளைக்கு 8.2 யூனிட் ஓடுகிறது. 60-வது நாள் வந்து எடுத்தால் 492 யூனிட், பில் 1,754 ரூபாய் 60 காசு. மூன்று நாள் தள்ளி வந்தால் 517 யூனிட், பில் 2,182 ரூபாய் 80 காசு. 25 யூனிட்டுக்கு 428 ரூபாய் கூடிப்போச்சு, யூனிட்டுக்கு 17 ரூபாய்க்கு மேல். "அடுத்த தடவை நாள் குறையும், சரியாகிவிடும்" என்பார்கள். அடுத்த தடவை குறையும், உண்மைதான். ஆனால் மலிவு விலை யூனிட்தான் அங்கே குறையும். இங்கே கொடுத்த 17 ரூபாய் திரும்பி வராது. அதனால் 60-வது நாள் யாரும் வரவில்லை என்றால் போனில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள், படத்தில் தேதி தெரியட்டும். பில் 500-ஐத் தாண்டி வந்தால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மனு கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

இனி வீட்டுக்குள்ளே வருவோம். பில்லைக் குறைக்க வழி சொல்லச் சொன்னால் எல்லோரும் "லைட்டை அணைங்க, செல்போன் சார்ஜரைப் பிடுங்குங்க" என்பார்கள். சார்ஜர் தின்கிறது கொசு அளவு. டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு, கீழே செட்டாப் பாக்ஸ் ராப்பகலாக எரிகிறதே, அதைப் பாருங்கள். 10 வாட் என்று வைத்தாலே ரெண்டு மாசத்தில் 14 யூனிட். சுவிட்சில் அணையுங்கள்.

நம் ஊரில் பெரிய செலவு ஃபேன்தான். வெயில் ஊர் இது. பாய் நெய்கிற வீட்டில் பகல் முழுக்கத் தலைக்கு மேலே ஃபேனும் தறிக்கு மேலே லைட்டும் ஓடித்தானே ஆகணும்? ராத்திரி படுக்கிற அறையில் மறுபடியும் ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போ பி.எல்.டி.சி. என்று ஒரு ஃபேன் வருகிறது, 30, 35 வாட்டில் அதே காற்று. ஒரு ஃபேனில் 40 வாட் மிச்சம், நாளைக்கு 16 மணி நேரம் என்றால் ரெண்டு மாசத்தில் 38 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் 115 யூனிட்.

அந்த 115 யூனிட் யார் வீட்டில் மிச்சமாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 560 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு பில் 2,544 ரூபாய். 115 குறைந்து 445 ஆனால் 1,458 ரூபாய் 50 காசு. ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது. மூன்று ஃபேனுக்கும் சேர்த்து எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆகும். ஒன்றரை வருஷத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். அதே மூன்று ஃபேனை 300 யூனிட் ஓடுகிற வீட்டில் மாட்டினால் 505 ரூபாய்தான் குறையும். அவர்கள் அவசரப்பட வேண்டாம், பழைய ஃபேன் கெட்டுப்போகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். கடன் வாங்கி மாற்றவே வேண்டாம்.

இன்னொன்று, பெட்டி மாதிரி பெரிய பழைய ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் ஃபேனை ரெண்டில் வைத்தால் கரண்டு மிச்சம் என்று நம்புகிறீர்கள். பெருசாக மிச்சமாகாது. மிஞ்சின கரண்டை அந்தப் பெட்டி சூடாக்கித் தின்றுவிடும், கை வைத்துப் பாருங்கள், சுடும். சின்னக் குமிழ் வைத்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

ஏ.சி. பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் நான் சொன்ன "ஒரு நாளைக்கு எட்டு" அதிலேயே தீர்ந்துவிடும். போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வயசானவங்க, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சித்திரை மாசம் அது ஆடம்பரம் இல்லை. 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தாமிரபரணி ஓடுகிற ஊரில் ஹீட்டர் எதுக்கு என்று ஒரு பெரியவர் கேட்டார், அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லாதது. வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுங்கள், மெயினை மட்டும் போட்டபடி வைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னும். எத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டர் மேலேயே அச்சடித்திருக்கும், 1600 என்றோ 3200 என்றோ இருக்கும். எல்லாம் அணைந்த பிறகும் அது விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தால் கரண்டு எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். பழைய வீட்டு வயரிங், ஈரச் சுவர், கிணற்று மோட்டார் கேபிள், இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது பில் விஷயம் மட்டுமில்லை, மழைக்காலத்தில் உயிர் விஷயம்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கேட்டால் சிரிப்புத்தான் வரும். வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்குகிறார். 150 யூனிட் ஓட்டின ஒரு சின்னக் குடும்பம், சொந்த இணைப்பு இருந்தால் கட்ட வேண்டியது 117 ரூபாய் 50 காசு. அவர்கள் கட்டுவது 1,200 ரூபாய்! இருக்கிறதிலேயே ஏழை வீட்டுக்கு இருக்கிறதிலேயே விலை கூடின கரண்டு. வீட்டுக்கார அண்ணாச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். அரசு கொடுக்கிற 100 யூனிட் குடியிருப்பவருக்குப் போய்ச் சேரட்டும். அதை இடையில் நிறுத்துவது நியாயமில்லை.

சூரியத் தகடு போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா கம்பெனி தகடு செய்கிறது, நம்ம மாவட்டப் பொருள், அதில் பெருமை உண்டு. ஆனால் பெருமைக்காகப் போடாதீர்கள். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு பில்லே 235 ரூபாய்தான். அந்த வீட்டுக்குத் தகடு என்றைக்கும் கட்டுப்படியாகாது, யார் வந்து விற்றாலும் வாங்காதீர்கள். 800 யூனிட் ஓடுகிற வீடு என்றால் கதை வேறு. அவர்கள் பில் 4,770 ரூபாய். இரண்டு கிலோவாட் தகடு நாளைக்கு எட்டு யூனிட் கொடுத்தால் ரெண்டு மாசத்தில் 480 யூனிட் கழியும். மிச்சம் 320 யூனிட்டுக்கு 799 ரூபாய். தகடு முதலில் கழிப்பது ஒன்பதரை ரூபாய் யூனிட்டை, அப்புறம் எட்டரை ரூபாய் யூனிட்டை. அதனால்தான் கூட ஓடுகிற வீட்டுக்கு அது லாபம். 2024 பிப்ரவரியில் தொடங்கின பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேட்டரி இல்லாத தகடு, கரண்டு போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். இதை விற்கிறவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போ அரசியலுக்கு வருவோம். வராமல் போனால் நீங்களே விடமாட்டீர்கள்.

"மாசாமாசம் ரீடிங் எடுத்தால் பில் குறைந்துவிடும்" என்று ஊரெல்லாம் பேச்சு. 2021 தேர்தலில் வாக்குறுதியாகவே வந்தது. அந்த வாக்கைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கணும். மாசக் கணக்கு வரும்போது படிகளையும் பாதியாக்கிவிட்டால், அதாவது இலவசம் 50 யூனிட், வரம்பு 250 யூனிட் என்று ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் பங்குனியில் 180 யூனிட், சித்திரையில் 270 யூனிட். சேர்த்து 450. இன்றைய முறையில் பில் 1,490 ரூபாய். படியைப் பாதியாக்கின மாசக் கணக்கில் பங்குனிக்கு 493 ரூபாய் 50 காசு, சித்திரையில் 250-ஐத் தாண்டினதால் 1,188 ரூபாய். மொத்தம் 1,681 ரூபாய் 50 காசு. கேட்டு வாங்கின பிறகு 191 ரூபாய் கூடுதலாகக் கட்டுவோம்! வெயில் மாசத்தையும் வெயில் குறைந்த மாசத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதால் நமக்குக் கொஞ்சம் தப்பிக்க வழி இருக்கிறது, அதுவும் போய்விடும். அதனால் மாசக் கணக்கு வேண்டும் என்றால் 100 யூனிட் இலவசமும் 500 யூனிட் வரம்பும் அப்படியே மாசத்துக்கு வேண்டும் என்று சேர்த்துக் கேட்கணும். அதுக்கு அரசு பெரிய தொகை ஒதுக்கணும், நாளைக்கே நடக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 501-ல் இருக்கிற அந்தப் பள்ளத்தை மூடுவது. 101 முதல் 200 வரைக்கும் உள்ள 2.35 விலையை 500-ஐத் தாண்டின வீட்டுக்கும் கொடுங்கள். "ஆயிரத்து ஐநூறு யூனிட் ஓட்டுகிற பங்களாவுக்கும் கொடுப்பதா?" என்று கேட்பார்கள். வேண்டாம், படிப்படியாகக் குறையுங்கள். 800 யூனிட்டுக்கு மேல் போனால் சலுகையே இல்லாமல் ஆக்குங்கள். ஒரே யூனிட்டில் பிடுங்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை. இது நடக்காத காரியமா? 2023-ல் வருமான வரியில் இதே பள்ளம் வந்தது. புதிய முறையில் ஏழு லட்சம் வரைக்கும் வரி இல்லை, ஏழு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனால் இருபத்தைந்தாயிரம் வரி. கூடின வருமானத்தைவிட வரி கூடக் கூடாது என்று அந்த வருஷமே நிதிச் சட்டத்தில் திருத்தம் போட்டுச் சரி பண்ணினார்கள். ஏழு லட்சம் சம்பளக்காரருக்குக் கிடைத்த நியாயம், ஐநூறு யூனிட் வீட்டுக்குக் கிடைக்கக் கூடாதா?

ரீடிங் தேதி தள்ளினால் 60 நாளுக்கு உண்டான வரம்பை அத்தனை நாளுக்கும் நீட்டிக் கணக்குப் போடணும் என்பது இரண்டாவது கோரிக்கை. 63 நாள் ஆனால் வரம்பு 525. மீட்டர் எடுக்க வராதது நம் தப்பு இல்லையே.

மூன்றாவது, நம்ம ஊருக்கே உண்டானது. கைத்தறி நெசவாளர்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் இலவசமாக இருந்ததை 2023-ல் 300 ஆக்கினார்கள், வரவேற்கிறோம். கோரைத் தறியும் கைத்தறிதானே? புவிசார் குறியீடு வாங்கின பத்தமடைப் பாயை நெய்கிற வீட்டுக்கும் அந்த 300 யூனிட் உண்டு என்று ஆணையில் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

இதையெல்லாம் கேட்க இந்த மாவட்டத்துக்கு உரிமை இல்லையா? 1944-லிருந்து பாபநாசத்தில் நம்ம ஆற்றுத் தண்ணீரில் கரண்டு எடுக்கிறார்கள். சேர்வலாறு இருக்கிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது. ராதாபுரம் பக்கம் காற்றாலை நிற்காத காடு இல்லை. ஆனால் 2022 ஆகஸ்ட்டில் கட்டணம் ஏற்றுவதற்கு முன்னால் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டது கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரில். பத்தமடையில் தறியை விட்டுவிட்டு மதுரைக்குப் போய் மைக் பிடிக்க யாரால் முடியும்? அடுத்த கட்டண விசாரணை வரும்போது ஒரு நாள் திருநெல்வேலியிலும் உட்காரச் சொல்லிக் கேட்போம்.

பில்லில் சந்தேகம் என்றால் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் அழைக்கலாம். புகார் எண்ணைக் கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் திருநெல்வேலி மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதுக்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். புகார் போட்டிருக்கிறோம் என்று பில் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு, தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க வந்துவிடுவார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். மூன்று கோரிக்கையும் எழுதின மனு அங்கே இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் இணைப்பு எண்ணையும் கடைசி இரண்டு ரீடிங் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை வீட்டுக்கு 60 நாளைத் தாண்டி ரீடிங் எடுத்திருக்கிறார்கள் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்து அந்த மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம். அட்டை கொண்டுவராதவர்கள் நாளைக்குச் சாயங்காலம் கொண்டுவாருங்கள், மேசை இங்கேயேதான் இருக்கும்.